முதல் வெள்ளிப் பூசையில் ஒரு ஸ்பானிஷ் சோதினை

அத்தியாயம் 17

அந்தோனியாரிடம் ஜோசப்பின் முதலில் சொன்ன விலை ஒரு மெழுகுதிரி.

குசினியில், டெலிபோனுக்கு மேலே சிறு தட்டில் நின்ற சுரூபம் வாய் திறக்கவில்லை.

"சரி. ஒரு பெட்டி."

அதற்கும் பதில் இல்லை. ஜோசப்பின் மன்னார் கடைத்தெருவில் துணி விற்றவரின் மகள். இப்போது ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் வேறொருவர் கடையில் சேலை விற்கிறாள். பேசாமல் நிற்கிற வியாபாரியின் முன்னால் வாங்க வந்தவர் தாமாகவே விலையை ஏற்றிக்கொண்டு போவார் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டேதான் ஏற்றினாள்.

"ஒரு பெட்டி மெழுகுதிரி. வாற கோடையில மிட்லண்ட் கோயிலுக்கு யாத்திரை, வெறுங்காலோட."

அந்தோனியார் கையிலிருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒரு வருசத்துக்கு மீன் தொடமாட்டன். இதுக்கு மேல என்னட்டை ஒண்டுமில்லை, சொல்லிப்போட்டன்."

மன்னார்க்காரி மீனை விடுகிறாள் என்றால் அதற்கு மேல் இறங்கவோ ஏறவோ இடமில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, பேரம் முடிந்தது என்று ஜோசப்பின் தானே முடிவு கட்டினாள்.

பக்கத்து அறையில் ஒலிநாடாவுக்குள் ஒரு ஸ்பெயின்காரன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தான். அவன் நிறுத்திய இடத்தில் மகள் ஷாமிலா அழத் தொடங்கினாள்.

விடிந்தால் சோதினை.

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் கூட வருகிறவர்கள் இந்த இடத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டு வரலாம். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கதை இதுதான். ஜோசப்பினின் கணவர் சீமோன் முதலில் அகதியாக ரொறன்ரோ வந்தார். தொண்ணூற்றொன்றில் மனைவியையும் மகளையும் கூப்பிட்டார். மகன் றொய்சன் பத்தொன்பது வயதைத் தாண்டியிருந்தான். சட்டப்படி அவன் பிள்ளை இல்லை, பெரிய ஆள். விண்ணப்பத்தில் அவன் பெயரை விட்டுவிட்டுச் சீமோன் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒரு ஏஜென்சிக்காரன் றொய்சனைக் கனடாவுக்குக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிப் பாதி உலகத்தைச் சுற்றிக் காட்டி, ஈக்குவடோர் நாட்டு விமான நிலையத்தில் விட்டுவிட்டு மாயமானான்.

விசா இல்லை என்று பொலிஸ் பிடித்தபோது றொய்சனின் கையில் இருந்தது யோசப் ஜெயரட்ணம் என்பவருடைய பாஸ்போட். ஆகவே அங்கே சிறையில் இருப்பது ஜெயரட்ணம். றொய்சன் என்று ஓர் ஆள் அந்த நாட்டில் இல்லை. தாய் தகப்பன் என்று யாராவது போய் நின்றால் கள்ளப் பாஸ்போட் வழக்கும் சேர்ந்து விழும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஊருக்கு, மகன் கொழும்பில் படிக்கிறான் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அவனோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பெடியள் உள்ளே. அவர்களைப் போய்ப் பார்க்க ரொறன்ரோத் தமிழ்க் கத்தோலிக்கர் ஒரு குழு சேர்த்து, மாசி பங்குனியில் வரும் தவக்காலத்தில் உள்ளே விட அனுமதியும் வாங்கிவிட்டார்கள். குழு கொடுக்கும் பட்டியலில் உள்ளவர்களின் விடுதலைக்காக அங்கத்தைய ஆயர் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் போகலாம்; ஆனால் அவரிடம் ஸ்பெயின் அரசாங்கத்தின் மொழி டிப்ளோமா இருக்க வேண்டும், பட்டியலில் உள்ள எவருக்கும் அவர் சொந்தமாக இருக்கக் கூடாது.

தமிழும் ஸ்பானிஷும் தெரிந்த ஆளைத் தேடிக் குழு ஸ்காபரோ முழுவதையும் அரித்தது. அரிதட்டில் மிஞ்சியது ஷாமிலா ஒருத்திதான். தான் ஜெயரட்ணத்தின் தங்கை என்பதை அவள் சொல்லவில்லை. அந்தச் சோதினை வருடத்தில் இரண்டு தடவைதான். நாளையதைத் தவறவிட்டால் அடுத்தது வைகாசியில். தவக்காலம் வைகாசி வரைக்கும் காத்திருக்காது.

இனி சோதினைக்கு முந்திய இந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

பிறம்ரன் களஞ்சியத்தில் இரவு வேலை முடித்து வந்த சீமோன் நித்திரை கொள்ளவில்லை. முகம் கழுவி, சேட்டுக்கு மேல் கழுத்துப்பட்டி கட்டி, சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சோதினையில் வாய்மொழிப் பகுதி ஒன்று உண்டு. அதற்குப் பரிசோதகர் இன்று சீமோன். அவருக்கு ஸ்பானிஷில் ஒரு எழுத்தும் தெரியாது என்பதை யாரும் ஒரு குறையாக எடுக்கவில்லை. தன்னுடைய அகதி விசாரணைக்கும் இப்படித்தான் கண்ணாடிக்கு முன்னால் இருந்து பழகி, ஒரு சொல் பிசகாமல் கதை சொல்லி வென்றவர் அவர்.

"உம்மைப் பற்றிச் சொல்லும்," என்றார் தமிழில்.

ஷாமிலா ஸ்பானிஷில் சொன்னாள்.

"தடக்குப்படுது. திருப்பி."

"அப்பா, உங்களுக்கு என்ன விளங்கினது?"

"விளங்கத் தேவையில்லை. பொய் சொல்லுறவன்தான் தடக்குப்படுவான். சரி, உம்மட குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்."

ஷாமிலா யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அம்மா சேலைக் கடையில், அப்பா களஞ்சியத்தில். கடைசியில், "நோ தெங்கோ எர்மானோஸ்."

குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப்பினின் கத்தி நின்றது. இத்தனை மாதம் வீட்டுக்குள் ஓடிய ஒலிநாடாக்களில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட சொற்கள் இரண்டே இரண்டு. 'சி' என்றால் ஓம். 'எர்மானோ' என்றால் சகோதரம். அதற்கு முன்னால் ஒரு 'நோ' வந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லித்தர வாத்தியார் தேவையில்லை.

"ஏன் பிள்ளை உப்பிடிச் சொல்லுறாய்? ஒரு அண்ணன் இருக்கிறான் எண்டு சொன்னா சோதினைக்காரனுக்கு என்ன நட்டம்?"

"அப்பாதான் சொல்லச் சொன்னவர்."

"ஓம், நான்தான்," என்றார் சீமோன். "இந்தப் பட்டினத்தில ஸ்பானிஷ் படிப்பிக்கிற ஆக்கள் எத்தினை பேர்? ஆளுக்காள் தெரியாமலோ இருப்பினம்? இவள் அங்க வாய் தவறிச் சொல்ல, அவன் இஞ்ச வந்து குழுவிட்டைச் சொல்ல..."

உலகத்தில் உள்ள எல்லாச் சனமும் தங்கள் சனத்தைப் போலவே கோயில் வாசலில் நின்று ஊர்க்கதை பேசும் என்பது சீமோனின் உறுதியான நம்பிக்கை.

"ஐ ஆம் கோயிங் டு ஃபெயில்," என்றாள் ஷாமிலா. "குடும்பத்தை விடுங்கோ. கேட்டு விடை எழுதுற பகுதியில, வீட்டில செய்து பாக்கேக்க நான் ஒருக்காவும் பாஸ் பண்ணேல்லை. மிசிசாகாவில என்னோட கிளீனிங் செய்யிற அன்ரிமார் கதைக்கிற ஸ்பானிஷ் வேற. உந்தக் கசற்றுக்குள்ள நிண்டு கதைக்கிறவன்ர ஸ்பானிஷ் வேற. ஒரு பகுதி போனா எல்லாம் போச்சு. பாதிக்கு மார்க்ஸ் இல்லை."

"யாழ்ப்பாணத்தார் கதைக்கிறது மன்னார்க்காரருக்கு விளங்கேல்லையே?"

"அப்பா, ப்ளீஸ்."

அவள் எழுந்து அறைக்குள் போனாள். ஸ்பெயின்காரன் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினான். சீமோன் கழுத்துப்பட்டியை அவிழ்க்காமல் அப்படியே இருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஜோசப்பினுக்கு அந்த யோசனை வந்தது.

அன்று மாதத்தின் முதல் வெள்ளி. பின்னேரம் தமிழ்ப் பூசை. பூசையில் சுவாமியார் மன்றாடுவதற்கு ஒரு கருத்து ஒப்புக்கொடுத்தால் என்ன? வீட்டுச் சுரூபத்தோடு பேசியது சில்லறை வியாபாரம். கோயில் பீடம் மொத்தக் கடை.

கோயிலுக்கு டெலிபோன் எடுத்தாள். சுவாமியார் இல்லை. இயந்திரம் எடுத்தது. 'பீப்' என்ற சத்தத்துக்குப் பிறகு செய்தியைச் சொல்லலாம் என்றது.

பெயரைச் சொல்லி, ஒரு விசேட கருத்துக்காக என்று முடித்திருக்கலாம். கதையும் இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஜோசப்பினின் தகப்பனார் கடையிலிருந்து வெளியூர்களுக்குச் சீலைப் பொதிகள் அனுப்புவார். விலாசம் குறையாக எழுதிய ஒரு பொதி ஒரு முறை அதே பெயருள்ள வேறொரு யோசப் வீட்டுக்குப் போய், அதிலிருந்த சேலையை அந்த வீட்டுக் கலியாணத்தில் மணப்பெண்ணே உடுத்தியும் விட்டாள். அந்த அடி அந்தக் குடும்பத்துக்கு இரத்தத்தில் இறங்கியிருந்தது. ரொறன்ரோவில் எத்தனை ஷாமிலாக்கள்! எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை சோதினைகள்! புண்ணியம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர வேண்டாமா? அதிலும் மகன் அங்கே இருப்பதோ வேறொருவன் பெயரில். றொய்சன் என்று மட்டும் சொன்னால் வானதூதர்கள் அந்தச் சிறையில் எந்தக் கதவைத் தட்டுவார்கள்?

ஆகவே இயந்திரத்திடம் முழு விலாசத்தையும் ஒப்புவித்தாள்.

பழைய சுவாமியாருக்கு அவளுடைய குணம் தெரியும். எவ்வளவு சொன்னாலும் பீடத்தில் 'ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட கருத்துக்காக' என்று சுருக்கிவிடுவார். அவர் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார் என்பதும், அவருக்குப் பதிலாக வந்தவர் வந்த செய்தியைச் சொல்லுக்குச் சொல் மதிக்கிற இளம் சுவாமியார் என்பதும் இயந்திரத்துக்குத் தெரிந்திருந்தாலும் அது சொல்லியிருக்காது.

கார்த்திகை மாதம் மரித்தவர்களின் மாதம். கோயில் நிறையச் சனம். ஷாமிலா வர மறுத்து, பிறகு வந்தாள். குளிர்ச்சட்டைப் பைக்குள் வோக்மன், வலது காதில் ஒரு குமிழ், தலைமயிரால் மறைத்தபடி. அந்தக் காதில் மட்டும் ஸ்பெயின் ஓடியது.

பீடத்துக்குப் பக்கத்தில், வாசகம் வாசிக்கிற இடத்தில், நீக்கிலாப்பிள்ளை மாஸ்ரர் நின்றார். குழுவின் செயலாளர் அவர்தான். பட்டியலைத் தயாரிக்கிறவரும், யார் போவது என்று முடிவு செய்கிறவரும் அவர்தான். ஜோசப்பின் அவருக்குத் தலை அசைத்தாள். அவரும் அசைத்தார்.

இளம் சுவாமியார் கருத்துகளை வாசிக்கத் தொடங்கினார். மரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். பேசாலையில் இறந்தவர், கடலில் இறந்தவர், ஷெல் விழுந்து இறந்தவர், இங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்தவர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"இனி, வாழ்பவர்களுக்காக," என்றார் சுவாமியார். அவருடைய குரல் வெண்கலம். கடைசி வாங்கில் காது கேளாத கிழவருக்கும் கேட்கும்.

"மன்னாரைச் சேர்ந்த, தற்சமயம் ஈக்குவடோர் நாட்டுச் சிறையில் யோசப் ஜெயரட்ணம் என்னும் பெயரில் இருக்கும் றொய்சனின் விடுதலைக்காகவும், அவருக்கு மொழிபெயர்க்கச் செல்லவிருக்கும் அன்புத் தங்கை ஷாமிலா நாளை எழுதும் ஸ்பானிஷ் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்றும், தாயார் ஜோசப்பின் ஒப்புக்கொடுக்கும் கருத்துக்காக, ஆண்டவரை மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது கோயில் முழுவதும், பழக்கத்தில்.

அதற்குப் பிறகுதான் தலைகள் திரும்பின.

ஜோசப்பினுக்கு முதலில் ஒரு சந்தோசம் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எவ்வளவு வடிவாக, எவ்வளவு தெளிவாக வாசித்தார்! அந்தச் சந்தோசம் ஒரு மூச்சு நேரம் இருந்தது. அடுத்த மூச்சில் சீமோனின் கை அவள் முழங்கையைப் பிடித்தது. ஷாமிலா காதிலிருந்த குமிழை மெதுவாக இழுத்து எடுத்தாள். மாஸ்ரர் கையில் விரித்திருந்த வேதாகமத்தை மூடிவிட்டு, மூடிய புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முன் வரிசையில் திரேசம்மா. அவளுடைய மகன் அகஸ்ரினும் அதே சிறையில்தான். அவள் திரும்பி ஷாமிலாவைப் பார்த்தாள். கோபப் பார்வை என்றால் தாங்கலாம். பட்டியலில் ஏறிய தன் பிள்ளையை யாரோ கையைப் பிடித்து இறக்குவதைப் பார்க்கிற பார்வை அது.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுகிற நேரம் வந்தது. மாஸ்ரர் அவர்களுடைய வரிசைக்கும் வந்தார். கை கூப்பினார். கண் மூவரையும் தாண்டிச் சுவரில் இருந்தது.

 கார் சிவப்பு விளக்கில் நின்றபோது சீமோன் கேட்டார்:

"விலாசம் சரியாத்தானே குடுத்தனீர்?"

திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். ஜோசப்பின் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பாதணி கழற்றுவதற்குள் கதவு தட்டப்பட்டது. நீக்கிலாப்பிள்ளை மாஸ்ரர்.

"தேத்தண்ணி வேண்டாம் தங்கச்சி. இருந்து கதைக்க வரேல்லை," என்றவர், முதல் கதிரையிலேயே இருந்தார். "ஏன் சீமோன், என்னட்டை முதலே சொல்லேல்லை?"

"சொன்னா இவளை எடுத்திருப்பியளோ மாஸ்ரர்?"

"இல்லை."

"அதுதான்."

மாஸ்ரர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "நான் கோபத்தில வரேல்லை. பயத்தில வந்திருக்கிறன். சொந்தக்காரியைக் கொண்டுபோனம் எண்டு அவங்களுக்குத் தெரிஞ்சா, எங்களை வாசலோட அனுப்பிப்போடுவாங்கள். பிறகு ஒரு குழுவையும் உள்ள விடமாட்டாங்கள். உங்கட ஒரு பிள்ளைக்காக மற்றப் பிள்ளையள் எல்லாம் கிடந்து உக்கிறதோ?"

"கோயில்ல இருந்தது எங்கட சனம்தானே மாஸ்ரர்," என்றாள் ஜோசப்பின். "ஈக்குவடோர்க்காரன் ஒருத்தனும் பூசை காண வரேல்லையே."

"எங்கட சனத்துக்குத் தெரிஞ்சது ஈக்குவடோருக்குத் தெரிய எவ்வளவு நேரம் செல்லும்? இப்பவே கார் விடுற இடத்தில ரெண்டு தாய்மார் என்னை மறிச்சுப்போட்டினம். ஒருத்தி, அந்தப் பிள்ளையை நிப்பாட்டுங்கோ எண்டு அழுகிறா. மற்றது திரேசம்மா. நிப்பாட்டாதேங்கோ, அந்தப் பிள்ளை இல்லாட்டி என்ர மகனுக்கு ஆர் வாய் எண்டு அவவும் அழுகிறா. நான் ரெண்டு பேருக்கும் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்."

அறை வாசலில் ஷாமிலா நின்றாள். வோக்மனின் வயர் கையில் சுருண்டிருந்தது.

"ரெண்டு வழிதான் இருக்கு," என்றார் மாஸ்ரர். "ஒண்டு, பிள்ளை விலகிறது. ஜெயரட்ணம் எண்ட பேர் லிஸ்ற்றில இருக்கும். நாங்கள் பாஷை தெரியாமல் போய், கையையும் காலையும் ஆட்டி, எங்களாலை ஏலுமானதைச் செய்வம்."

"மற்றது?"

"பிள்ளை சோதினை பாஸ் பண்ணி எங்களோட வாறது. ஜெயரட்ணம் எண்ட பேரை நான் வெட்டுறது. லிஸ்ற்றில இல்லாத ஆளுக்குச் சொந்தமா இருந்தா அது சட்டத்தில பிழை இல்லை."

சீமோன் எழுந்தார். "அவள் போய் அங்க நிக்க, அவன் கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கிறதோ?"

"ஓம்."

"கண்டாலும்?"

"கண்டாலும் காணாத மாதிரித்தான். அகஸ்ரினுக்கும் மற்றவைக்கும் கதைச்சுப்போட்டு வாறதுதான்."

ஜோசப்பினுக்குள் இருந்த கடைத்தெரு கடைசியாக ஒரு முறை தலை தூக்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாடிக்கைக்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்: "மாஸ்ரர், நீங்களும் கொஞ்சம் இறங்கி வாங்கோ, நாங்களும் கொஞ்சம் வாறம். பேரும் இருக்கட்டும், பிள்ளையும் வரட்டும். சுவாமியார் பிழையா வாசிச்சவர் எண்டு நான் சனத்துக்குச் சொல்லுறன். நான் கோயில் முற்றத்தில முழங்காலில நிண்டு சொல்லுறன்."

"தங்கச்சி," என்றார் மாஸ்ரர் மிக மெதுவாக, "இது என்ர கடை இல்லை."

ஞாயிறு பூசைக்கு முன்னால் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கதவடியில் நின்று ஷாமிலாவின் தலையைத் தொடக் கையை எடுத்து, தொடாமல் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

அவர் போனதும் சீமோனுக்கு வாய் வந்தது.

"பேர் இருக்கட்டும். இவள் போகத் தேவையில்லை. என்ர பிள்ளையின்ர பேரை நான் ஒருக்கா விட்டுப்போட்டுக் கையெழுத்துப் போட்டனான். இன்னொருக்கா என்னால ஏலாது."

"பேர் இருந்து என்ன செய்ய அப்பா?" என்றாள் ஷாமிலா. "அண்ணா என்ன சொல்லுறார் எண்டு அங்க ஆருக்கு விளங்கப்போகுது? அவர் ஆமா போட்டுத் தலையாட்டிக் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் கேக்க ஆளில்லை."

"அதுக்கு? ஊரார் பிள்ளையளுக்கு நீ வாயா நிக்க, உன்ர அண்ணன் ஊமையா நிக்கிறதோ?"

"அப்பிடியெண்டா எல்லாரும் ஊமையா நிக்கட்டுமோ?"

"நிக்கட்டும்!"

சொன்ன பிறகு சீமோனே பயந்துபோனார். கழுத்துப்பட்டி காலையிலிருந்து இன்னும் கழுத்தில் கிடந்தது. அதை இழுத்தார். முடிச்சு இறுகியது.

ஷாமிலா சிரித்தாள். சிரிப்பு நல்ல சிரிப்பில்லை. "நான் முதல்ல பாஸ் பண்ணோணுமே. நீங்கள் ரெண்டு பேரும் இல்லாத ஒரு சாமானுக்குச் சண்டை பிடிக்கிறியள்." அவள் உள்ளே போனாள். ஸ்பெயின்காரன் மறுபடியும் பேசத் தொடங்கினான்.

'உன்னாலதான்' என்று ஒருவரும் ஜோசப்பினைத் திட்டவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. குசினிக்குள் போனாள். டெலிபோனுக்கு மேலே நின்ற அந்தோனியாரை எடுத்துச் சுவர்ப் பக்கம் முகம் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"நல்ல வியாபாரம்," என்றாள்.

சனிக்கிழமை காலை கண்ணாடியில் உறைபனி. சீமோன் கீழே போய்க் காரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். போகவா விடவா என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. எந்த வழிக்கும் ஞாயிறு வரை நேரம் இருக்கிறது. சோதினைக்கு மட்டும்தான் இன்று. அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு மூவரும் தங்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

ஷாமிலாவின் கண்மடல்கள் வீங்கியிருந்தன. இரண்டு பென்சில், அழிறப்பர், அடையாள அட்டை. ஜோசப்பின் பாணில் பட்டர் பூசி நீட்டினாள். அவள் ஒரு கடி கடித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

கதவடிக்குப் போனவள் திரும்பினாள். "அம்மா, ஒரு கேள்வி கேளுங்கோ. கடைசியா ஒருக்கா."

"எனக்கென்ன தெரியும் பிள்ளை?"

"தெரிஞ்சதைக் கேளுங்கோ."

ஜோசப்பினுக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான். தொண்டையைச் செருமினாள். "எர்மானோ?"

ஷாமிலா தகப்பன் பழக்கிய விடையைச் சொல்ல வாய் எடுத்தாள். வாய் நின்றது. பாதணியைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

"தெங்கோ உனோ," என்றாள்.

'ஒருத்தர் இருக்கிறார்' என்ற அதன் அர்த்தம் ஜோசப்பினுக்குத் தெரியாது. அதில் 'நோ' இல்லை என்பது மட்டும் தெரிந்தது. தடக்குப்படவும் இல்லை.

மின்தூக்கியின் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. ஜோசப்பின் பாதி கடித்த பாணைக் கையில் எடுத்துக்கொண்டு யன்னலடிக்கு வந்தாள். கார் திரும்பி வீதியில் ஏறியது. அது மறைகிற நேரத்தில் டெலிபோன் அடித்தது.

மாதத்தில் ஒரு நாள், சனிக்கிழமை காலையில்தான் சிறையில் டெலிபோனுக்கு விடுவார்கள். எப்போதும் எடுக்கிறவள் ஷாமிலா. ஸ்பானிஷில் ஒபரேற்றரோடு பேசி, அந்த அழைப்புக்கு இங்கே பணம் கட்டச் சம்மதம் என்று சொல்லி, பிறகு தாயிடம் கொடுப்பாள். இன்று என்ன நாள் என்பதை இந்த அமளியில் ஒருவரும் நினைக்கவில்லை.

ஜோசப்பின் எடுத்தாள். ஒரு பெண் வேகமாக ஏதோ கேட்டாள். அந்த வேகத்துக்குள் 'ஜெயரட்ணம்' என்ற பெயர் மட்டும் பிடிபட்டது.

"சி," என்றாள் ஜோசப்பின்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு, "தங்கச்சியோ?"

"அம்மா, ராசா."

"அம்மா! நீங்களே ஸ்பானிஷ் கதைச்சனீங்கள்?" அவன் சிரித்தான். அவன் சிரித்துக் கேட்டு எத்தனை மாதம். "தங்கச்சி எங்க?"

"சோதினைக்குப் போட்டாள். இப்பதான் போறாள்."

"அப்ப வருவாளெல்லோ? நான் சொன்னனான், எங்கட தங்கச்சி பாஸ் பண்ணுவாள் எண்டு. ஆருக்கும் சொல்லேல்லை, பயப்படாதேங்கோ. எனக்கு நானே சொன்னனான்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அம்மா, இஞ்ச எல்லாரும் லிஸ்ற்றைப் பற்றித்தான் கதை. உன்ர பேர் இருக்கோ, உன்ர பேர் இருக்கோ எண்டு ஆளையாள் கேக்கிறாங்கள். அகஸ்ரின் என்னையும் கேட்டவன். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இருக்கெல்லோ?"

கறை பிடித்த சேலையையும் மடிப்பை மாற்றிக் காட்டி, கண் இமைக்காமல் விற்கத் தெரிந்தவள் ஜோசப்பின்.

"சாப்பிட்டனியோ ராசா?"

"சாப்பிட்டன் அம்மா. பேர் இருக்கோ?"

அவள் கையை உயர்த்தி, சுவரைப் பார்த்து நின்ற அந்தோனியாரைத் தன் பக்கம் திருப்பினாள். இந்த முறை விலை சொல்லவில்லை.

"அம்மா?" என்றான் றொய்சன். "கேக்குதோ?"